அண்ணன் ரம்பத்தில் தம்பியின் சிலிண்டர்

புருஷன் பெயரைச் சொல்லக்கூடாது என்பார்கள். நான் சொல்வேன். அழகேசன். கரும்பாறைத் தோட்டத்தில் எந்த இயந்திரத்தைப் பிரித்தாலும் திரும்பப் பூட்டத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். பிரித்தேன், பூட்டினேன் என்று நாலு பேரிடம் வாய் திறந்து சொல்ல மட்டும் அவருக்கு வராது. கேட்டால், 'முடிஞ்ச பிறகு சொல்லலாம், நவமணி' என்பார். எல்லாம் முடிந்த பிறகு சொல்வதற்கு என்ன இருக்கிறது? இந்த ஒரு விஷயத்தில் எனக்கு அவர்மேல் இன்றைக்கும் கோபம் தீரவில்லை.

அது மலாயாவில் வெள்ளைக்காரன் எமர்ஜென்சி போட்டிருந்த காலம். காட்டுக்குள் துப்பாக்கியோடு இருந்தவர்களைச் சர்க்கார் கொள்ளைக்காரர்கள் என்றது. நாங்கள் காட்டுக்காரர்கள் என்றோம். இரண்டு தரப்புமே எங்களை நம்பவில்லை. நாங்கள் வரிசை வீடுகளில் குடியிருந்த லயத்தைச் சுற்றி முள்வேலி போட்டு ஒரே ஒரு கேட் வைத்தார்கள். காலையில் ரப்பர் பால்வெட்டப் போகும்போது வாளியையும் மடியையும் தடவிப் பார்ப்பார்கள். ஒரு பிடி சோறு வெளியே போகக்கூடாது, காட்டுக்காரன் வயிற்றுக்குப் போய்விடுமாம். பசியோடு போய்ப் பசியோடு வந்தோம். சாயங்காலம் கேட்டை அடைத்தால் மறுநாள் காலையில்தான் திறப்பார்கள். வெளியே மாட்டிக்கொண்டவனைச் சுட்டுவிட்டு அப்புறம்தான் பெயர் கேட்பார்கள்.

தோட்டத்துச் சாலையில் காட்டுக்காரர்கள் ஒளிந்திருந்து லாரியைச் சுட்டார்கள் என்று, சாலையின் இரண்டு பக்கமும் மரமே நிற்கக்கூடாது என்ற உத்தரவு வந்தது. கைரம்பத்தை வைத்துக்கொண்டு ஆகிற வேலையா அது? துரை ஒரு மோட்டார் ரம்பம் வாங்கினார். அடுத்த வருடம் அதே கம்பெனியின் புது மாடல் ஒன்றும் வந்தது. உடம்பு இரண்டுக்கும் ஒன்றுதான், பக்கத்தில் வைத்தால் கூடப்பிறந்தவை என்று தெரியும். அதனால் பழசுக்கு அண்ணன், புதுசுக்குத் தம்பி என்று பெயர் விழுந்தது. அண்ணனைக் குழந்தைவேலு ஓட்டினான். தம்பியைச் சின்னையா ஓட்டினான்.

கூடப்பிறந்தவை என்றாலும் குணம் வேறு. தம்பியின் சிலிண்டர் அகலம், வலு அதிகம். கார்புரேட்டரும் புது மாதிரி, ரம்பத்தை எப்படிச் சாய்த்தாலும் பெட்ரோல் போய்க்கொண்டே இருக்கும். அண்ணனின் கார்புரேட்டர் நிமிர்ந்து நின்றால்தான் வேலை செய்யும். மரத்தை அடியில் அறுக்க ரம்பத்தைப் படுக்கப்போட்டால் இரண்டு இருமல் இருமிவிட்டு நின்றுவிடும். அதற்காகவே கம்பெனிக்காரன் சங்கிலி ஓடும் அலகைத் தனியாகத் திருப்ப ஒரு திருகு வைத்திருந்தான், ஆனால் அது தேய்ந்துபோய்ப் பிடிப்பதில்லை. இதெல்லாம் பெண்பிள்ளை எனக்கு எப்படித் தெரியும் என்றால், அழகேசன் இவற்றைப் பிரித்துப் பரப்புவது என் அடுப்பங்கரையில்தான். வீட்டில் மிளகாய் வாசனையைவிடப் பெட்ரோல் வாசனைதான் அதிகம்.

துரை செய்த கூத்து என்னவென்றால், வலு குறைந்த அண்ணனை மலைச்சரிவில் நின்ற பெரிய மரங்களுக்கு அனுப்பினார். தம்பியைக் கீழே, விழுந்த மரங்களைத் துண்டு போட வைத்தார். புது ரம்பம் சரிவில் உருண்டு உடைந்துவிடக் கூடாதாம். ஆள் உருண்டால் பரவாயில்லை போலிருக்கிறது.

ஒருநாள் குழந்தைவேலு எங்கள் வீட்டு வாசலில் வந்து உட்கார்ந்தான். சட்டையின் ஒரு கை கிழிந்து தொங்கியது. கையில் சிராய்ப்பு.

"பாதி அறுப்புல நின்னு போச்சுண்ணே," என்றான் அழகேசனிடம். "மரம் என் பக்கமா சாயுது, ரம்பம் உள்ள மாட்டிக்கிச்சு. விட்டுட்டு ஓடினேன். கிளை முதுகோட ஒரசிக்கிட்டுப் போச்சு."

"துரைகிட்ட சொன்னியா?"

"சொன்னேன். ரம்பத்துக்கு என்ன ஆச்சுன்னு கேட்டாரு."

"சின்னையாவும் நீயும் ரம்பத்த மாத்திக்க வேண்டியதுதான லா?" என்று நான் கேட்டேன்.

அது முடியாது என்று இருவரும் ஒரே நேரத்தில் தலையாட்டினார்கள். யார் கையில் எந்த இயந்திரம் என்று போலீசுக்கு எழுதிக் கொடுத்திருந்தார்கள். பெட்ரோல் குடிக்கும் எதற்கும் எண் வேண்டும், அந்த எண்ணுக்கு ஓர் ஆள் பொறுப்பு. அண்ணன் ஒன்று, தம்பி இரண்டு. டாங்கியில் வெள்ளைப் பெயிண்டால் எழுதியது போதாமல், எண்ணை இரும்பிலும் வெட்டச் சொன்னார்கள். ரம்பத்தின் உடம்பு லேசான வார்ப்பு, உளி வைத்துத் தட்டினால் விரிசல் விடும். அதனால் அழகேசன் சிலிண்டரின் அடியில், சூடு தணிய வார்த்திருக்கும் இறக்கைகளில் கடைசிக்குக் கீழே, தடித்த இடமாகப் பார்த்து எண்ணை அடித்திருந்தார். வீட்டில் ராத்திரி ரம்பத்தை வைத்துக்கொள்வதும் அந்தந்த ஆள்தான்.

அழகேசன் குழந்தைவேலுவின் கையைத் திருப்பிச் சிராய்ப்பைப் பார்த்தார். பிறகு, "ரம்பத்த மாத்த வேணாம். உள்ள இருக்கறத மாத்துவோம்," என்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை என் அடுப்பங்கரையில் இரண்டு ரம்பமும் குடல் சரிந்து கிடந்தன. சின்னையாவுக்கு ஆட்சேபணை இல்லை. தரையில் கிடக்கும் மரத்தைத் துண்டு போட நிமிர்ந்த ரம்பம் போதும், அண்ணனின் சிலிண்டரே அதற்குத் தாராளம். குழந்தைவேலுவின் மனைவி பிச்சையம்மாளும் வந்திருந்தாள். அவள்தான் ஆரம்பத்திலிருந்தே விளக்குப் பிடித்தாள், நட்டுகளைக் கொட்டாங்கச்சியில் போட்டு வைத்துக் கேட்கக் கேட்க எடுத்துக் கொடுத்தாள். அதிகம் பேசமாட்டாள். ஆனால் சொல்லாமலே எதையும் செய்துவிடுவாள், எங்கள் லயத்தில் அவளைப் போல் கைவேலைக்காரி கிடையாது.

"கார்புரேட்டர மட்டும் மாத்தினா போதாதாண்ணே?" என்று குழந்தைவேலு கேட்டான்.

"தம்பி கார்புரேட்டர் அண்ணன் சிலிண்டர்ல உக்காராது, ஓட்டை ஒத்து வராது. அண்ணன் கார்புரேட்டர தம்பி சிலிண்டர்ல அடிச்சுப் புடிச்சு மாட்டினாலும் பெட்ரோல் பத்தாது. நல்லா கத்தும், ஆனா சூடேறி பிஸ்டன் ஒட்டிக்கும். மாத்தினா பிஸ்டன், சிலிண்டர், கார்புரேட்டர் மூணையும் சேத்து மாத்தணும்."

பூட்டி முடித்ததும் வாசலில் கொண்டுபோய் இழுத்தார்கள். அண்ணனைப் படுக்கப்போட்டும் நிற்கவில்லை. குழந்தைவேலு பல்லெல்லாம் தெரியச் சிரித்தான். அப்போது அழகேசன் எங்கள் எல்லாரையும் பார்த்துச் சொன்னார்.

"இது நம்ம அஞ்சு பேரோட இருக்கணும். புது ரம்பத்துல ஒரு நட்ட கூட யாரும் தொடக்கூடாது, பினாங்குல இருந்து ஏஜெண்டு வந்துதான் திறக்கணும்னு துரை உத்தரவு. வெளிய தெரிஞ்சா என் சீட்டு கிழிஞ்சிடும்."

பிச்சையம்மாள் மட்டும், "யார் கேட்டாலும் சொல்ல மாட்டோம்ணே," என்றாள். அவள் வாயிலிருந்து அவ்வளவு நீளமாக ஒரு பேச்சு வந்ததே பெரிது.

மழைக்காலம் தொடங்கியபோது காட்டுக்காரர்கள் சாலைக்கு இறங்கி வந்தார்கள். சின்னையாவின் நெஞ்சில் துப்பாக்கியை வைத்துத் தம்பியையும் பெட்ரோல் டின்னையும் வாங்கிக்கொண்டு போனார்கள். சாலையில் மரம் சாய்த்து லாரியை மறிக்க அவர்களுக்கும் ரம்பம் வேண்டியிருந்தது. துப்பாக்கி முனையில் கொடுத்தவனைப் போலீசார் பிடித்து, ஏன் கொடுத்தாய் என்று விசாரித்தார்கள். விட்டதும் சின்னையா இந்த நாடே வேண்டாம் என்று கப்பல் ஏறிவிட்டான். அவன் போனதைப் பற்றி அப்போது யாரும் பெரிதாக நினைக்கவில்லை.

சில மாதம் கழித்துக் கூலிம் பக்கத்துக் காட்டில் பட்டாளத்தார் ஒரு முகாமைப் பிடித்தார்கள். ஆள்கள் தப்பிவிட்டார்கள், சாமான்கள் கிடைத்தன. அதில் ஒரு மோட்டார் ரம்பம். டாங்கியில் பெயிண்ட் இல்லை, சுரண்டிவிட்டிருந்தார்கள். அழுக்கைத் துடைத்துப் பார்த்தபோது சிலிண்டரின் அடியில் ஒன்று என்று எண் இருந்தது.

ஒன்றாம் எண் யாருடையது என்று போலீசுக்குத் தெரியும். காலையில் பெயர் கூப்பிடும் பிரட்டுக்கு நின்ற இடத்திலேயே குழந்தைவேலுவைப் பிடித்தார்கள். வீட்டுக்குள் போய்ப் பார்த்தால், அங்கேயும் ஒரு ரம்பம், டாங்கியில் வெள்ளையாக ஒன்று. களவு போனது இரண்டாம் எண், காட்டில் கிடைத்தது ஒன்றாம் எண், வீட்டில் இருப்பதும் ஒன்றாம் எண். களவு போன ரம்பம் கெட்டுப்போக, இவன் தன் சிலிண்டரைக் காட்டுக்குக் கொடுத்து ஓட வைத்திருக்கிறான் என்று துரையிடமே கேட்டு முடிவு கட்டினார்கள். துரைக்கு ரம்பத்தைப் பற்றி அந்த அளவுக்குத் தெரிந்திருந்தது, அதுவே எங்கள் கெட்ட நேரம். காட்டுக்காரனுக்குச் சாமான் கொடுப்பது அந்தச் சட்டத்தில் தூக்குக் குற்றம்.

"இத யார் மாத்தினது?" என்று கேட்டபோது குழந்தைவேலு அழகேசனை ஒருமுறை பார்த்தான். பிறகு, "எனக்கு ஒண்ணும் தெரியாது," என்றான். என் புருஷனின் சீட்டு கிழியக்கூடாது என்று சொன்ன பொய் அது. சாமானை மாற்றினால் வேலை போகும் என்றுதான் அவனுக்குத் தெரியும். உயிர் போகும் என்று யாருக்குத் தெரியும்? கைவிலங்கு போட்டு லாரியில் ஏற்றினார்கள். ரம்பத்தைத் தொடாமல் அவன் வீட்டிலேயே விட்டுவிட்டுப் போனார்கள்.

அழகேசன் அன்று வேலைக்குப் போகவில்லை. சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். மத்தியானம் முகம்மது ஹனீபா பாயின் வேன் வந்தது. பாய்க்குக் கூலிம் டவுனில் இரும்புக்கடை. ரம்பத்துக்குச் சங்கிலி, அரம், பிளக்கு எல்லாம் அவர் கடையிலிருந்துதான் வரும். மலாயும் இங்கிலீசும் பேசுவார், ஸ்டேஷனில் அவருக்கு மரியாதை உண்டு. அழகேசன் போய் வேனுக்குப் பக்கத்தில் நின்று அவரிடம் ரகசியமாக என்னவோ பேசினார். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார்.

"டவுனுக்குப் போய்ட்டு வரேன்."

"எதுக்கு?" என்றேன்.

"வந்து சொல்றேன்."

"பிச்ச அங்க ஒத்தையா அழுதுகிட்டு இருக்கா. அவகிட்ட என்ன சொல்லட்டும்?"

"ஒண்ணும் சொல்லாத. இல்லாத நம்பிக்கைய குடுத்துட்டு அப்புறம் நடக்கலன்னா பாவம். முடிஞ்ச பிறகு சொல்லலாம்."

டவுனில் நடந்ததை அவர் பிற்பாடு சொன்னார், நான் இங்கேயே சொல்லிவிடுகிறேன். வேலை போனாலும் பரவாயில்லை என்று இன்ஸ்பெக்டரிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். திருட்டு நடப்பதற்கு வெகுநாள் முன்பே இரண்டையும் மாற்றியது தாமேதான், குழந்தைவேலு ரம்பத்தில் இருப்பது தம்பியின் சிலிண்டர், அதில் இரண்டு என்று அடித்திருக்கும் என்று. இன்ஸ்பெக்டர் கோபக்காரரில்லை. எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். லாக்கப்புக்குப் போய்க் குழந்தைவேலுவையும் கேட்டார். அவனும் ஒப்புக்கொண்டான். திரும்பி வந்து ஒரு நியாயம் சொன்னார்.

"நீ சொல்வது பொய்யாகவும் இருக்கலாம். ஆனால் கள்ளத்தனமாகச் சாமானை மாற்றியவன் எண்ணை விட்டுவைக்கமாட்டான், முதல் வேலையாக அதை அழிப்பான். நாளைக் காலையில் வந்து பார்க்கிறேன். அந்தச் சிலிண்டரில் இரண்டு என்று அப்படியே இருந்தால் உன் பேச்சை நம்புகிறேன். அவனை நாளைச் சாயங்காலமே விட்டுவிடுகிறேன்."

அழகேசனுக்கு உயிர் வந்தது. ஆனால் அதற்குள் கேட் அடைக்கும் நேரம் நெருங்கிவிட்டது. வழியில் மாட்டினால் தோட்டா. பாயின் கடைக்குப் பின்னால் படுத்துக்கொண்டார்.

ஸ்டேஷனிலிருந்து ஆபீசுக்குப் போன் மட்டும் வந்திருக்கிறது. அங்கே கணக்கு எழுதுகிற கிராணி கங்காணியிடம் சொன்னார். கங்காணி எங்கள் லயத்துக்கு வந்து குழந்தைவேலு வீட்டு வாசலில் நின்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னார்.

"நாளைக்குக் காலையில இன்ஸ்பெக்டர் வராராம். உங்க வீட்டு ரம்பத்தப் பிரிச்சுப் பார்க்கப் போறாராம், சிலிண்டர்ல நம்பர் பார்க்கணுமாம். எங்கயும் எடுத்துட்டுப் போய்டாத, தெரியுதா?"

பிச்சையம்மாள் வாசற்படியில் நின்றாள். "தெரியுது," என்றாள்.

நான் அவளுக்குக் கஞ்சி கொண்டுபோனேன். வாங்கி வைத்தாள், குடிக்கவில்லை. கூட இருக்கட்டுமா என்றேன். வேண்டாம், நீ போ என்றாள். அவள் முகத்தில் அழுகை நின்று போயிருந்தது. பரவாயில்லை, தேறிவிட்டாள் என்று நினைத்துக்கொண்டு வந்தேன்.

காலையில் ஜீப் வந்தது. இன்ஸ்பெக்டர், இரண்டு மாத்தாக்கள், பின்னாலேயே பாயின் வேனில் என் வீட்டுக்காரர். எங்கள் பக்கம் போலீஸ்காரனுக்கு மாத்தா என்றுதான் பெயர். துரையும் வந்து ஒதுங்கி நின்றார். அழகேசன் வேனிலிருந்து இறங்கியபோது அவர் முகத்தைப் பார்த்தேன். கல்யாணத்தன்றுகூட அப்படி மலர்ந்து நான் பார்த்ததில்லை. என்னைத் தாண்டிப் போகும்போது, "வேலு வந்துருவான்," என்றார். அப்போதுதான் எனக்கே விஷயம் தெரியும்.

ரம்பத்தைக் கொண்டுவந்து சாக்கின்மேல் வைத்து மண்டியிட்டார். மேல்மூடியின் நட்டுகளைக் கழற்றினார். "இங்க பாருங்க துவான்," என்று துணியால் சிலிண்டரின் அடியைத் துடைத்தார். துடைத்த கை அப்படியே நின்றுவிட்டது.

இன்ஸ்பெக்டர் குனிந்தார். சிலிண்டர் முழுக்கக் கரி பிடித்துக் கறுத்திருந்தது. கடைசி இறக்கைக்குக் கீழே, எண் இருக்க வேண்டிய இடம் மட்டும் புது ஈயப் பாத்திரம்போல் பளபளத்தது. அவர் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். விரலில் இரும்புத்தூள் ஒட்டிக்கொண்டு வந்தது. ராவிய தூள், ஒருநாள்கூட ஆகாதது. அந்த விரலை அழகேசனிடம் காட்டினார்.

அழகேசன் அவ்வளவு வேகமாகப் பேசி நான் கேட்டதில்லை. மலாயும் தமிழும் கலந்து கொட்டினார். "இது தம்பியோடதுதான் துவான், வேணும்னா அளந்து பாருங்க, அண்ணனோடத விட அகலம்." மூடியைப் போட்டுக் கயிற்றை இழுத்தார். ரம்பம் கத்திக்கொண்டு கிளம்பியது. அதைத் தூக்கிப் படுக்கப்போட்டுப் பிடித்தார், கவிழ்த்துப் பிடித்தார். நிற்கவில்லை. "பழைய மாடலா இருந்தா நின்னுருக்கும், புது மாடல் கார்புரேட்டர், அதான் ஓடுது, பாருங்க." எனக்கு அவர் பேசுவதைக் கேட்கவே முடியவில்லை.

இன்ஸ்பெக்டர் நிறுத்தச் சொன்னார். "நம்புகிறேன்," என்றார் மலாயில், மெதுவாக. "இது களவு போன ரம்பத்தின் சிலிண்டர்தான். காட்டில் இருக்கவேண்டியது இவன் வீட்டுக்கு எப்படி வந்தது? யார் எண்ணை அழித்தது?"

துரை தலையைத் திருப்பிக்கொண்டார். அழகேசன் பாயைப் பார்த்தார், பாய் தரையைப் பார்த்தார். அப்போது பிச்சையம்மாள் வீட்டுக்குள்ளிருந்து வந்தாள். கையில் சங்கிலி ராவுகிற அரம்.

"நான்தான் ராவினேன்," என்றாள்.

அவள் யாரையும் பார்க்கவில்லை, இன்ஸ்பெக்டரை மட்டும் பார்த்துப் பேசினாள். ஆயுசில் அவள் அவ்வளவு பேசியதில்லை.

"ரெண்டுன்னு இருந்துச்சு. அது களவு போன நம்பரு. அது எங்க வீட்டுல இருக்கறது தெரிஞ்சா அவர தூக்குல போட்டுருவாங்க இல்ல? மாத்தினத யாருக்கும் சொல்லக்கூடாதுன்னு அன்னிக்கே பேசிக்கிட்டோம். அதான் அழிச்சேன். அவருக்கு ஒண்ணும் தெரியாது, அவர் வீட்டுல இல்ல."

பாய் இதை மலாயில் சொன்னார். இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"எண் இருந்திருந்தால் இன்று சாயங்காலம் அவன் வீட்டில் இருந்திருப்பான்," என்றார். பாய் அதை மொழிபெயர்க்கவில்லை. தேவையும் இல்லை. சந்தையில் பேசுகிற பாசார் மலாய் எங்கள் எல்லாருக்கும் புரியும், அவளுக்கும் புரியும்.

அவள் கையிலிருந்து ஒரு மாத்தா அரத்தை வாங்கிக்கொண்டான். பிச்சையம்மாள் அழவில்லை. விரித்த கையை மூடவும் இல்லை, அப்படியே நீட்டிக்கொண்டு நின்றாள். நான்தான் போய் அந்தக் கையைப் பிடித்துக் கீழே இறக்கினேன். எனக்கு யாரையாவது அடிக்க வேண்டும்போல் இருந்தது. துரையை, கங்காணியை, என் புருஷனை. ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை, 'நம்பர் இருந்தா வேலு வந்துருவான்' என்று ஒரு வார்த்தை இந்த லயத்தில் யாராவது அவளிடம் சொல்லியிருந்தால் போதும். என்னிடம் சொல்லியிருந்தாலும் நான் அவள் காதில் போட்டிருப்பேன்.

வாக்குமூலம் எழுத அவளையும் அழகேசனையும் ஜீப்பில் ஏற்றினார்கள். நான் யாரையும் கேட்காமல் பாயின் வேனில் ஏறி உட்கார்ந்தேன்.

பின்னால் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், விரித்துச் சொல்ல எனக்குத் தெம்பில்லை. வழக்கு நடந்தது. அழகேசன் கூண்டில் ஏறி நடந்தது நடந்தபடி சொன்னார். வேலையை இழந்தவன், கூட்டாளிக்காகப் பேசுகிறான் என்றார்கள். பிச்சையம்மாள் ஏறிச் சொன்னாள். பெண்டாட்டி வேறு எப்படிச் சொல்வாள் என்றார்கள். சின்னையா இருந்திருந்தால் ஒருவேளை கேட்டிருப்பார்கள், அவன் கடலுக்கு அந்தப் பக்கம் எந்த ஊரில் இருக்கிறான் என்று யாருக்கும் தெரியவில்லை. மாற்றியது திருட்டுக்கு முன்னாலா பின்னாலா என்று அந்த இரும்பு சொல்லாது. ராவிய தழும்பு மட்டும் சொன்னது. குழந்தைவேலுவைத் தூக்கில் போட்டார்கள்.

ஆனால் என் மனதில் நிற்பது வழக்கு அல்ல, ஜீப் டவுனுக்குப் போன அந்த மத்தியானம்தான்.

வாக்குமூலம் எழுதி முடித்த பிறகு இன்ஸ்பெக்டர் மேலிடத்துக்குப் போன் செய்தார். பேசி முடித்துப் பாயிடம் ஏதோ சொன்னார். பாய் எங்களிடம் வந்து, தலையைக் குனிந்துகொண்டு, "இனி இவர் கையில இல்லயாம். தூக்குக் கேசாத்தான் எழுதறாங்க," என்றார். அழகேசன் பெஞ்சில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டார். பிச்சையம்மாள், "அவரப் பார்க்கலாமா?" என்று மட்டும் கேட்டாள். இன்ஸ்பெக்டர் சரியென்று கைகாட்டினார். குழந்தைவேலுவிடம் அவர் இன்னும் எதுவும் சொல்லவில்லை. அந்த வேலையை அவளுக்கு விட்டுவிட்டார் என்று எனக்குத் தோன்றியது. நானும் அவளோடு போனேன்.

குழந்தைவேலு கம்பிக்கு அந்தப் பக்கம் எழுந்து வந்தான். முகம் மழிக்காமல் இருந்தது, மற்றபடி நன்றாகத்தான் இருந்தான். எங்களைப் பார்த்ததும் சிரித்தான்.

"நவமணியக்காவும் வந்துட்டீங்களா. அழகேசண்ணன் வந்து எல்லாத்தயும் சொல்லிட்டாராமே. நேத்து இன்ஸ்பெக்டர் வந்து கேட்டாரு, நானும் ஆமான்னு ஒத்துக்கிட்டேன். காலையில போய் நம்பரப் பார்க்கறேன், இருந்தா விட்டுர்றேன்னாரு." கம்பியைப் பிடித்துக்கொண்டு அவள் பக்கம் குனிந்தான். "வந்தாங்களா புள்ள? பாத்தாங்களா?"

பிச்சையம்மாள் என்னைப் பார்த்தாள். வாய்க்கு வாய் பேசுகிறவள் என்று பெயர் எடுத்தவள் நான், அன்று எனக்கு நாக்கு எழவில்லை.

"பாத்தாங்க," என்றாள்.

"ரெண்டுன்னு நல்லா தெரிஞ்சுதா? கரி அப்பிக் கெடக்குமே, தொடச்சுக் காட்டினாத்தானே தெரியும். யாரு தொடச்சா, நீயா?"

"நான்தான்," என்றாள்.

அவன் முகம் தெளிந்துவிட்டது. பெருமூச்சு விட்டுக் கம்பியில் நெற்றியைச் சாய்த்தான். "நேத்து ராத்திரியெல்லாம் அதே யோசனைதான், கரி மறைச்சுட்டா என்ன பண்றதுன்னு. அப்புறம், நீ இருக்கற, நீ பாத்துக்குவன்னு நெனச்சுக்கிட்டேன். அப்பதான் தூக்கமே வந்துச்சு." என் பக்கம் திரும்பினான். "எதயும் சொல்லாமலே செஞ்சுருவாக்கா இவ. நல்ல வேல செஞ்ச புள்ள."

பிச்சையம்மாள் தலையாட்டினாள்.